வீட்டை மூத்தவன் பெயருக்கு மாற்றிவிட்டால் சின்னவனுக்குக் கவலை இல்லையே?

பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து எழுதியிருக்கும் வாசகருக்கு வயது 68, மனைவிக்கு 64. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று பிள்ளைகள். மூத்த மகன் 14 ஆண்டுகளாக மெல்பர்னில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார்; ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிவிட்டார். மகள் புக்கிட் மெர்தாஜாமில் ஆசிரியை, திருமணமானவர். கடைசி மகனுக்கு 31 வயது, டவுன் சிண்ட்ரோம் உள்ளவர், பெற்றோருடன் இருக்கிறார். ஞாயிறுதோறும் சபையில் நாற்காலிக்கு ஒன்றாகப் பாட்டுப் புத்தகம் வைப்பது அவர் வேலை. வேறு யாரும் அதில் கைவைத்தால் கோபம் வந்துவிடுமாம்.

சொத்து விவரம் இது. ஜெலுத்தோங் வீடு, இன்றைய மதிப்பு சுமார் 850,000 ரிங்கிட். பாயான் பாருவில் ஒரு அப்பார்ட்மென்ட், சுமார் 350,000. மாதம் 1,200 வாடகை வருகிறது. நிரந்தர வைப்பு 90,000. இபிஎஃப் என்னும் ஊழியர் சேமநிதியில் 210,000, அதற்கு நியமனதாரர் மூத்த மகன் மட்டுமே. இவை தவிர சுங்கை பட்டாணியில் முக்கால் ஏக்கர் ரப்பர் நிலம் இருக்கிறது. 1996இல் காலமான தகப்பனார் பெயரில்தான் இன்னும் கிராண்ட், அதாவது நில உரிமைப் பத்திரம், கிடக்கிறது.

அவருடைய திட்டம்: ஜெலுத்தோங் வீட்டை இப்போதே அன்பளிப்பாக மூத்தவர் பெயருக்கு மாற்றுவது. தம்பியைக் கடைசிவரை பார்த்துக்கொள்வதாக அவர் ஜெபத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறார். அப்பார்ட்மென்ட் சபைக்கு, போதகரிடம் வாய்மொழியாகச் சொல்லியாகிவிட்டது. மகளுக்குக் கல்யாணத்திலேயே நகை போட்டாயிற்று, அதனால் 10,000 ரிங்கிட் போதும். இதையெல்லாம் 2011இல் ஒரு தாளில் கைப்பட எழுதி, மருமகனையும் சபை மூப்பர் ஒருவரையும் சாட்சியாகக் கையெழுத்துப் போடவைத்திருக்கிறார். மருமகன் வீட்டில் போட்டார். மூப்பர் அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு போட்டார். மனைவிக்கு இந்தப் பேச்சே பிடிப்பதில்லை. "கர்த்தர் பார்த்துக்கொள்வார், உயில் எழுதுவது விசுவாசக் குறைவு" என்கிறார்.

"நல்லவன் தன் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குச் சுதந்தரம் வைத்துப்போகிறான் என்று நீதிமொழிகள் சொல்கிறது. நான் நல்லவனாகப் போக ஆசைப்படுகிறேன். என் திட்டத்தில் தவறு இருக்கிறதா?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒளிக்காமல், தொகையோடு எழுதியிருக்கிறீர்கள். இப்படி எழுதுகிறவர்கள் குறைவு. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் நோக்கத்தில் தவறு இல்லை. ஆனால் இந்தத் திட்டம் இப்படியே நடந்தால், நீங்கள் நினைத்தவற்றில் அநேகமாக எதுவுமே நடக்காது. காரணம் உங்கள் பிள்ளைகளின் குணம் அல்ல. மூத்தவர் வாக்குத் தவறுவார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் நல்லவர் என்றே வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

அம்மாவுக்கு, அதாவது உங்கள் மனைவிக்கு, ஒரு வார்த்தை. ராஜாவாகிய எசேக்கியா வியாதியாய்க் கிடந்தபோது ஏசாயா வந்து சொன்ன முதல் செய்தியே "உமது வீட்டுக்காரியத்தை ஒழுங்குபடுத்தும்" என்பதுதான். தேவனே சொல்லச் சொன்ன வேலை எப்படி விசுவாசக் குறைவாகும்? உயில் எழுதினால் சீக்கிரம் போய்விடுவோம் என்று உள்ளுக்குள் பயப்படுகிறவர்களுக்கு நான் அந்த அதிகாரத்தின் மிச்சத்தையும் வாசித்துக் காட்டுவதுண்டு. அதற்குப் பிறகு எசேக்கியா 15 வருஷம் உயிரோடிருந்தார்.

2011ஆம் ஆண்டுத் தாள்

கைப்பட எழுதியது குற்றமில்லை. வக்கீல் எழுதவேண்டும், முத்திரைத்தாளில் இருக்கவேண்டும் என்றெல்லாம் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1959ஆம் ஆண்டு உயில் சட்டம் கேட்பதில்லை. அது கண்டிப்பாகக் கேட்பது ஒன்று: இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்க, அவர்கள் முன்னிலையில் நீங்கள் கையெழுத்திடவேண்டும், அல்லது ஏற்கெனவே போட்ட கையெழுத்து உங்களுடையதுதான் என்று இருவர் முன்னும் ஒருசேர ஒப்புக்கொள்ளவேண்டும். உங்கள் மருமகன் ஒரு நாள், மூப்பர் வேறொரு நாள். இருவரும் ஒன்றாக நிற்கவில்லை. அதனால் அந்தத் தாள் உயிலே அல்ல.

ஒருவேளை இருவரும் ஒன்றாக நின்றிருந்தாலும் அடுத்த பள்ளம் காத்திருக்கிறது. சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவருக்கோ, அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ உயிலில் எழுதிய எதுவும் செல்லாது. உயில் நிற்கும், அவர்கள் பங்கு மட்டும் விழும். மருமகன் சாட்சி என்பதால், மகளுக்கென்று நீங்கள் எழுதிய அந்த ஒரே 10,000 ரிங்கிட்டும் அவருக்குக் கிடைத்திருக்காது. மருமகன் உதவி செய்யத்தான் கையெழுத்துப் போட்டார், பாவம்.

உயில் இல்லையென்றால் எல்லாம் அம்மாவுக்குப் போய்விடும் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், அது சரியல்ல. 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, உங்கள் பெற்றோர் இல்லாத நிலையில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. இபிஎஃப்பை விட்டுவிட்டுப் பார்த்தால் உங்கள் சொத்து 1,290,000. அம்மாவுக்கு 430,000, பிள்ளைக்குத் தலைக்குச் சுமார் 287,000. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம், வெளிநாட்டில் இருப்பவருக்கும் சமம். சபைக்கு ஒரு காசு கிடையாது. போதகரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னதை வைத்து உங்கள் வாரிசுகளிடம் யாரும் எதையும் கேட்கமுடியாது. அதற்குள் அந்தப் போதகரும் வேறு ஊருக்கு மாற்றலாகியிருப்பார்.

வீட்டை இப்போதே மாற்றினால்

"உயிலுக்குச் செலவு, கோர்ட்டுக்கு அலைச்சல், அன்பளிப்பென்றால் வரியும் இல்லை" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாதி உண்மை. 2023 ஏப்ரல் 1 முதல் பெற்றோர் பிள்ளைக்கு வீட்டை அன்பளிப்பாகக் கொடுக்கும்போது முதல் 10 லட்சம் ரிங்கிட் வரை முத்திரை வரி முழு விலக்கு உண்டு. ஆனால் வாங்குகிறவர் மலேசியக் குடிமகனாக இருக்கவேண்டும். நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆஸ்திரேலியக் குடியுரிமை எடுத்ததால் உங்கள் மகனின் மலேசியக் குடியுரிமையை அரசு நீக்கலாம்; நீக்கினால் அவர் இங்கே வெளிநாட்டவர். அப்போது விலக்கு அவருக்கு இல்லை. மேலும் வெளிநாட்டவர் பெயருக்கு நிலத்தை மாற்ற மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். உயில் வழியாகப் போகிற சொத்தைப் பெயர் மாற்றும்போதோ முத்திரை வரி வெறும் 10 ரிங்கிட்தான்.

வரியைக்கூட விடுங்கள், அது பணம். எனக்குப் பயம் வேறு. கிராண்டில் பெயர் மாறிய நிமிடம் முதல் அந்த வீடு உங்களுடையது அல்ல. மூத்தவருக்கு அங்கே தொழிலில் கடன் விழுந்தால் கடன்காரர்கள் பார்க்கும் சொத்துகளில் ஜெலுத்தோங்கும் ஒன்று. மணமுறிவு வந்தால் கணக்கெடுக்கும் சொத்துகளில் அதுவும் ஒன்று. சொல்லவே வாய் கூசுகிறது, ஆனால் வக்கீல் சொல்லாவிட்டால் யார் சொல்வது: அவர் உங்களுக்கு முன்னால் போய்விட்டால்? இங்குள்ள நிலத்துக்கு இங்குள்ள சட்டம்தான். அவர் உயில் எழுதாமல் போயிருந்தால் அவர் மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு. நீங்கள் 40 ஆண்டு தவணை கட்டிய வீட்டில் உங்கள் இருவருக்கும் சேர்த்துக் கால் பங்கு! சின்னவருக்கு? அண்ணனின் சொத்தில் தம்பிக்கு ஒன்றும் இல்லை. ஜெபத்தில் கொடுத்த வாக்கு கொடுத்தவரோடு கல்லறைக்குப் போய்விடும். அதை நிறைவேற்றும் கடமை மருமகளுக்கு இல்லை, மெல்பர்னில் வளரும் பேரப்பிள்ளைகளுக்கும் இல்லை.

எபிரெயருக்கு எழுதிய நிருபம் ஒன்பதாம் அதிகாரத்தில் மரணசாசனத்தைப் பற்றி ஒரு வரி வருகிறது: எழுதினவன் உயிரோடிருக்கையில் அதற்குப் பெலனில்லை. கிறிஸ்துவின் மரணத்தை விளக்க வந்த இடம் அது. வக்கீல் கண்ணுக்கு மட்டும் அதிலே ஒரு சௌகரியமும் தெரிகிறது. உயிலை நாளைக்கே கிழித்துவிட்டு வேறு எழுதலாம். வீட்டைக் கொடுத்துவிட்டால் திரும்பக் கேட்க முடியாது. 68 வயதில், 31 வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடிய ஏற்பாடுதான் உங்களுக்கு வேண்டும்.

இபிஎஃப் நியமனம்

"மூத்தவன் பெயரைப் போட்டிருக்கிறேன், அவன் எடுத்து எல்லாருக்கும் பிரித்துக் கொடுப்பான்" என்கிறீர்கள். முஸ்லிம் அல்லாதவருக்கு இபிஎஃப் நியமனதாரர் பிரித்துக் கொடுக்கிறவர் அல்ல. அந்தப் பணத்துக்கே உரிமையாளர். 210,000 ரிங்கிட் முழுவதும் சட்டப்படி அவருடையது. நீங்கள் உயிலில் வேறு மாதிரி எழுதினாலும் நியமனம்தான் வெல்லும். இந்த வாரமே இபிஎஃப் கிளைக்குப் போய் நியமனத்தை மாற்றுங்கள். என் யோசனை, பெரும்பங்கு அம்மாவுக்கு. நீங்கள் கண்மூடியவுடன் உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு முடங்கிவிடும். கோர்ட் உத்தரவு வரும்வரை மாதக்கணக்கில் அம்மா செலவுக்கு என்ன செய்வார்? அதற்காகவே கொஞ்சம் வைப்புத் தொகையையும் இப்போதே அவர் பெயரில் போட்டுவையுங்கள்.

சின்னவரை நேரடியாக நியமிக்காதீர்கள். அடுத்து அதைத்தான் சொல்லப்போகிறேன்.

சின்னவர்

உங்கள் கடிதத்தின் மையம் இவர்தான். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

அவர் பெயரில் ஒரு பெருந்தொகையோ வீடோ வந்து சேர்ந்தால், அதற்குக் கையெழுத்துப் போடும் நிலையில் அவர் இல்லையென்று வங்கியோ நில அலுவலகமோ கருதினால், 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் கீழ் உயர்நீதிமன்றத்துக்குப் போய், அவர் சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமிக்கும்படி உத்தரவு வாங்கவேண்டும். மருத்துவர் அறிக்கை, வக்கீல், லெபோ லைட் கோர்ட்டுக்கு நடை. நீங்கள் இல்லாத காலத்தில் அந்த நடை யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். உயில் இல்லாமல் போனாலும், "அவனுக்கும் ஒரு பங்கு" என்று பாசத்தோடு எழுதிவைத்தாலும், வந்து நிற்கும் இடம் இதுதான்.

இதைத் தவிர்க்க ஒரே ஒழுங்கான வழி, உயிலுக்குள்ளேயே அவருக்காக ஒரு டிரஸ்ட் ஏற்படுத்துவது. சொத்து அவர் பெயருக்குப் போகாது. அவருக்காக டிரஸ்டிகள் வைத்திருப்பார்கள். என்ன செலவு செய்யலாம், எதை விற்கக்கூடாது, அவருக்குப் பிறகு மிச்சம் யாருக்கு என்று நீங்களே எழுதிவைக்கலாம். உங்கள் நிலைமைக்கு நான் நினைப்பது இப்படி:

ஜெலுத்தோங் வீட்டில் அம்மா வாழ்நாள் முழுவதும் இருக்கும் உரிமை. அவருக்குப் பின் சின்னவர், அந்த வீட்டில் இருப்பது அவருக்கு நல்லதாக இருக்கும்வரை. "கடைசிவரை" என்று கட்டிப்போடாதீர்கள். ஒருநாள் அவர் அக்காள் வீட்டிலோ ஒரு பராமரிப்பு இல்லத்திலோ சந்தோஷமாக இருக்கக்கூடும். அப்போது வீட்டை விற்று அந்தப் பணத்தை அவருக்குச் செலவழிக்க டிரஸ்டிகளுக்கு அதிகாரம் இருக்கவேண்டும்.

பாயான் பாரு அப்பார்ட்மென்டும் டிரஸ்டுக்குள் வரட்டும். மாதம் 1,200 ரிங்கிட் வாடகை அவருடைய சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் ஒரு நல்ல அடித்தளம்.

டிரஸ்டிகள் குறைந்தது இருவர். ஒருவர் மகள் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொருவர் வயதில் இளையவராக, கணக்கு எழுதத் தெரிந்தவராக, மகளிடம் "இது ஏன்?" என்று கேட்கும் துணிவுள்ளவராக இருக்கவேண்டும். மூத்தவரையும் சேர்க்கலாம், ஆனால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் மெல்பர்னில் நோட்டரியைத் தேடுவது நடைமுறையில் சலிப்பூட்டும். குடும்பத்தில் ஆள் இல்லாமல் போனால் யார் என்பதையும் உயிலில் எழுதுங்கள். அமானா ராயா போன்ற டிரஸ்ட் நிறுவனம் அந்த இடத்துக்குப் பொருந்தும். கட்டணம் உண்டு, ஆனால் நிறுவனத்துக்கு வயதாவதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், உங்கள் கடிதத்தில் இல்லாதது. நீங்கள் இறக்காமல், ஆனால் மறதிநோயில் விழுந்தால்? பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்து வைத்திருக்கிறோமே என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். கொடுத்தவர் சுயபுத்தி இழந்தால் சாதாரண பவர் ஆஃப் அட்டர்னி அதோடு முடிந்துவிடும். வேறு சில நாடுகளில் இருப்பதுபோல் அதைத் தாண்டி நிற்கும் ஏற்பாடு நம் சட்டத்தில் இல்லை. சின்னவருக்கான டிரஸ்டை உயில்வரை காத்திருக்காமல், சிறு தொகையோடு இப்போதே தொடங்கிவிடலாமா என்று உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். 55 வயதைத் தாண்டிய உங்களுக்கு இபிஎஃப் பணத்தை எடுப்பதில் தடை இல்லை. முழுவதையும் எடுத்துவிடாதீர்கள், 100 வயது வரை அங்கே லாப ஈவு உண்டு.

சபைக்குக் கொடுப்பது

அப்பார்ட்மென்டைத் தசமபாகம் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் மொத்தச் சொத்து 15 லட்சம். அதில் பத்தில் ஒன்று 150,000. நீங்கள் கொடுக்க நினைப்பது கிட்டத்தட்ட நான்கில் ஒன்று. கொடுக்கக்கூடாது என்று நான் சொல்வேனா? நானும் ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் போடுகிறவள்தான். ஆனால் சின்னவருக்கு மாதாமாதம் வருமானம் தரும் ஒரே சொத்து அது. பெற்றோருக்குச் செய்யவேண்டியதைக் "கொர்பான்" என்று சொல்லித் தேவனுக்குக் காணிக்கையாக்கினால் கடமை தீர்ந்தது என்று இருந்தவர்களை இயேசு என்ன சொன்னார் என்பதை மாற்கு ஏழாம் அதிகாரத்தில் வாசியுங்கள். அங்கே பெற்றோர், இங்கே பிள்ளை. உங்கள் போதகரிடமே கேட்டுப் பாருங்கள், நான் சொல்வதற்கு மாறாக அவர் சொல்லமாட்டார் என்றே நம்புகிறேன்.

வழி இருக்கிறது. அப்பார்ட்மென்ட் சின்னவரின் வாழ்நாள்வரை டிரஸ்டில். அவருக்குப் பிறகு அது சபைக்கு. சபை அவசரப்படாது, அதற்கு நூறு வருஷக் கணக்கு. உடனே ஏதாவது கொடுக்கவேண்டும் என்றால் வைப்புத் தொகையில் ஒரு விழுக்காட்டை எழுதுங்கள். ஆனால் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பின்னால் சொத்தைப் பெறப்போகிற சபையின் பொறுப்பாளர்களை டிரஸ்டிகளாகப் போடாதீர்கள். சின்னவருக்கு ஒரு சக்கர நாற்காலி வாங்கலாமா என்று முடிவெடுக்கிறவருக்கு அந்த மிச்சத்தில் பங்கு இருக்கக்கூடாது. இரண்டு, "எங்கள் தமிழ்ச் சபைக்கு" என்று எழுதினால் போதாது. பல சபைப் பிரிவுகளில் உள்ளூர்ச் சபை சொத்து வைத்துக்கொள்ளும் சட்ட அமைப்பு அல்ல. திருச்சபையின் டிரஸ்டிகள் குழுவோ, கத்தோலிக்கர்களுக்கு மறைமாவட்ட ஆயரின் பதவிப் பெயரில் அமைந்த அமைப்போதான் சொத்தை வைத்திருக்கும். பதிவான சரியான பெயரை எழுத்தில் கேட்டு வாங்கி, அதையே உயிலில் போடுங்கள்.

சுங்கை பட்டாணி நிலம்

உங்கள் பெயரில் இல்லாததை உங்கள் உயிலில் பிரிக்கமுடியாது. நீங்கள் நான்கு பேர் உடன்பிறந்தவர்கள், ஒருவர் காலமாகிவிட்டார். அவர் பங்குக்கு இப்போது அவர் மனைவியும் பிள்ளைகளும் உரிமையாளர்கள். இன்னும் பத்து வருஷம் விட்டால் கையெழுத்துப் போடவேண்டியவர்கள் இருபது பேராவார்கள், அதில் ஐந்து பேருக்கு ஒருவரையொருவர் தெரியாது. மெல்பர்ன் மகன் பயமுறுத்துகிற வாரிசு வரி இங்கே இல்லை; எஸ்டேட் வரி 1991 நவம்பர் 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது, உங்கள் அப்பா போனது அதற்குப் பிறகு. நிலம் இருக்கும் மாவட்ட நில அலுவலகத்தில் சிறு சொத்துப் பங்கீட்டுக்கு மனுக் கொடுங்கள். மரணச் சான்றிதழ், கிராண்ட் நகல், வாரிசுகளின் அடையாள அட்டை நகல் போதும், தொடங்கிவிடலாம். உடன்பிறந்தவர்கள் எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கும்போதே செய்யுங்கள்.

இனி, மகள்

நான் மூன்று முறை படித்ததற்குக் காரணம் இவர்தான். நான்கு பக்கக் கடிதத்தில் மகளைப் பற்றி இரண்டே வரி. ஒன்று, நகை போட்டு அனுப்பிவிட்டோம். மற்றது, அடைப்புக்குறிக்குள்: "சனிக்கிழமைகளில் மகள் பாலம் தாண்டி வந்து எங்களை மருத்துவமனைக்கும் சின்னவனை முடிவெட்டவும் கூட்டிப்போவாள்." சனிக்கிழமை பினாங்குப் பாலத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்த வரியின் கனம் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், மகளுக்கு ஒன்றுமே வைக்காமல் உயில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. 1971ஆம் ஆண்டுக் குடும்பப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் உயிலில் போதிய ஏற்பாடு இல்லையென்று நீதிமன்றத்துக்குப் போகக்கூடியவர்கள் மனைவி, வயதுவராத மகன், திருமணமாகாத மகள், உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை. அம்மா கேட்கலாம், சின்னவர் சார்பில் கேட்கலாம். திருமணமான, சுகமாயிருக்கிற மகள் கேட்கமுடியாது. ஆகவே இங்கே சட்டத்தைக் காட்டி உங்களை வற்புறுத்த என்னிடம் ஒன்றும் இல்லை.

வேதத்தில் ஒன்று இருக்கிறது. எண்ணாகமம் 27ஆம் அதிகாரம். செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் சபையார் எல்லார் முன்னும் நின்று எங்களுக்கும் காணியாட்சி வேண்டும் என்று கேட்டார்கள். மோசே தானாக முடிவு சொல்லாமல் கர்த்தரிடம் கொண்டுபோனார். அவர்கள் கேட்பது சரிதான் என்று பதில் வந்தது. நம் வேதாகமத் தமிழில் "சுதந்தரம்" என்றால் விடுதலை அல்ல, பெற்றோர் வழி வரும் உரிமைப் பங்கு. நீங்கள் காட்டிய நீதிமொழிகள் வசனமும் பிள்ளைகளின் பிள்ளைகள் என்றுதான் சொல்கிறது, மகன்களின் பிள்ளைகள் என்று சொல்லவில்லை.

மூத்தவர் இருப்பது மெல்பர்னில். அவர் பணம் அனுப்பலாம், ஆண்டுக்கு ஒருமுறை வரலாம். இரவு இரண்டு மணிக்குச் சின்னவருக்கு மூச்சு முட்டினால் போன் யாருக்குப் போகும்? உங்களுக்குப் பிறகு அவரைப் பார்க்கப்போகிறவர் மகள் என்பது உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, பேசத்தான் இல்லை. ஆனால் "மகள்தான் டிரஸ்டி" என்று நான் மேலே எழுதியதை நீங்கள் அப்படியே உயிலில் போட்டுவிடாதீர்கள். முதலில் அவரிடம் கேளுங்கள். உன்னால் முடியுமா, மருமகன் என்ன சொல்கிறார், எது உனக்குக் கஷ்டம், அதற்கு என்ன ஏற்பாடு செய்யவேண்டும் என்று. அவர் முடியாது என்றால் அதுவும் ஒரு பதில். இன்றைக்குத் தெரிவது நல்லது. முடியும் என்றால், வேலைக்கு ஆள் வைக்கவும் பெட்ரோலுக்கும் டிரஸ்டிலிருந்து எடுக்க அவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுங்கள். சின்னவரின் காலத்துக்குப் பிறகு ஜெலுத்தோங் வீட்டின் மிச்சத்தில் அவருக்கும் மூத்தவருக்கும் என்ன பங்கு என்பது நீங்கள் முடிவு செய்யவேண்டியது. சமம் என்றாலும் கூடக்குறைய என்றாலும், காரணத்தை உயிரோடிருக்கும்போது உங்கள் வாயால் சொல்லுங்கள். என் அலுவலகத்தில் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்த அண்ணன் தம்பிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரே பாடகர் குழுவில் பாடியவர்கள், இப்போது ஒருவர் வரும் ஆராதனைக்கு மற்றவர் வருவதில்லை. அவர்கள் சண்டை தொகையைப் பற்றியது அல்ல, "அப்பா ஏன் அப்படிச் செய்தார்" என்பதைப் பற்றியது. அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் கல்லறையில் இருந்தார்.

வக்கீல் எழுதமுடியாதவை

பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, தாத்தா காலத்துக் குடும்ப வேதாகமத்தை யாரிடம் கொடுப்பது என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். முதல் பக்கங்களில் தமிழ்நாட்டு நாசரேத்திலிருந்து கப்பலேறியவர் தொடங்கி எல்லாருடைய பிறப்பும் ஞானஸ்நானமும் மரணமும் மையால் எழுதியிருக்கிறது என்றீர்கள். ஒருவர் பெயரைக் குறிப்பிட்டு உயிலிலேயே எழுதுங்கள். சின்னப் பொருள்தான் பெரிய மனத்தாங்கலைக் கொண்டுவரும். அந்தப் பக்கங்களைப் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, ஒவ்வொரு பெயராகத் தொட்டு அவர் யார் என்று உங்கள் குரலில் போனில் பதிவுசெய்யுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் தாத்தா குரல் புரியும். பவுல் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது முதலில் சொல்வது அவன் பாட்டி லோவிசாளின் பெயரை.

இன்னொரு தாளும் வேண்டும், இது டிரஸ்டிகளுக்கு. உயிலோடு வைக்கும் விருப்பக் கடிதம். சட்டப்படி கட்டுப்படுத்தாது, ஆனால் டிரஸ்டிகளுக்கு அதைவிடப் பயனுள்ள தாள் கிடையாது. சின்னவர் என்ன சாப்பிடுவார், எதற்குப் பயப்படுவார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, மாற்றுத்திறனாளிக்கான ஓகேயு அட்டை எங்கே இருக்கிறது, எந்தக் கடையில் முடிவெட்டினால் அழமாட்டார். ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் புத்தகங்களை அவர்தான் வைக்கவேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது என்பதையும் எழுதுங்கள். இதை அம்மா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதினால் நல்லது. உயில் என்றால் முகம் திருப்பிக்கொள்கிற அம்மா இதற்கு உட்காருவார் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுதி முடித்த கையோடு அவருக்கும் ஒரு உயில் வேண்டும் என்று மெதுவாகச் சொல்லுங்கள். இபிஎஃப்பும் வைப்புத் தொகையும் அவர் கைக்குப் போனால் அதற்கும் இதே கேள்விகள்தான்.

பத்திரங்கள் எதையும் பார்க்காமல், கடிதத்தை மட்டும் வைத்துச் சொன்னவை இவை. டிரஸ்ட் எழுதிப் பழக்கமுள்ள வக்கீல் ஒருவரிடம் கிராண்ட் நகல்கள், இபிஎஃப் அறிக்கை, பிள்ளைகளின் அடையாள அட்டை நகல்கள், சபையின் பதிவுப் பெயர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். உயிலை நிறைவேற்றுபவராக இருவரைப் போடுங்கள், நான்கு பேர்வரை சட்டம் அனுமதிக்கிறது. பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். புதிய உயிலில் கையெழுத்துப் போடும் நாளில் வக்கீல் அலுவலகத்து ஆட்கள் இருவர் சாட்சியாக நிற்கட்டும். மருமகன் காரில் கொண்டுவந்து விட்டால், அந்த அரைமணி நேரம் அவரைக் கீழே கடையில் ஒரு தேத்தாரேக் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.